டென்னிஸ் ஒரு தொழிலாக: புள்ளி, பணம், பயணம்

விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டத்தில் அரையிறுதி வரை போன இந்தியர் இன்றுவரை ஒருவர்தான். அவர் நாகர்கோவிலில் பிறந்தவர். ராமநாதன் கிருஷ்ணன் 1937 ஏப்ரல் 11 அன்று பிறந்தபோது நம்ம ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அப்பா டி.கே.ராமநாதனே ஆட்டக்காரர், மகனுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம், ஆசியாவிலிருந்து முதல் ஆளாக. அப்புறம் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பெரியவர் பிரிவில் அரையிறுதி. 1961 காலிறுதியில் அவர் நேர் செட்களில் சாய்த்தது ஆஸ்திரேலியாவின் முன்னணி ஆட்டக்காரர் ராய் எமர்சனை. குமரி மாவட்டத்தில் மட்டையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

இத்தனை சாதித்தவர் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை. அந்தக் காலத்தில் அமெச்சூர்களுக்கு மட்டுமே விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும். பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் தனியாக ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். பெரிய போட்டிகளின் கதவு அவர்களுக்கு மூடிவிடும். ஜாக் கிராமர் தன் தொழில்முறை அணிக்குப் பெரும் தொகை பேசி கிருஷ்ணனை அழைத்தார், இவர் மறுத்துவிட்டார். 1968-ல்தான் எல்லாரும் ஆடலாம் என்று விம்பிள்டன் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டு ஆண்கள் ஒற்றையர் பட்டத்துக்குப் பரிசு 2,000 பவுண்டு. 2025-ல் அதே விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியவருக்குக் கிடைத்தது 66,000 பவுண்டு, நம்ம பணத்தில் முக்கால் கோடி ரூபாய் போல.

இந்தத் தொகையைக் கேட்டதும் ஒரு கணக்கு மனதில் ஓடும். பையன் நன்றாக ஆடுகிறான், மாவட்டத்தில் ஜெயிக்கிறான், ஒரு விம்பிள்டன் ஆடினால் போதுமே என்று. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்பதற்காக. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பிள்ளையை டென்னிஸ் பழக அனுப்பும் அப்பா அம்மா, அந்தப் பிள்ளையும்கூட, தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் நல்லது.

சம்பளம் இல்லை, ரேங்கிங் உண்டு

கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு வாரியத்தின் ஒப்பந்தம் இருக்கும், இல்லையென்றால் ஐபிஎல் அணி இருக்கும். கால்பந்துக்காரருக்கு கிளப். டென்னிஸ் ஆட்டக்காரருக்கு முதலாளி கிடையாது. பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பதும், விமான டிக்கெட் எடுப்பதும், தோள்பட்டை பிடித்துக்கொண்டால் பிசியோவுக்குக் கொடுப்பதும் அவரேதான். வருமானம், ஆட்டத்தில் ஜெயித்தால் வரும். ஆனால் எந்தப் போட்டியில் ஆடலாம் என்பதையே ஒரு எண்தான் முடிவு செய்கிறது. அந்த எண் ரேங்கிங்.

ஆண்களுக்கு ஏடிபி, பெண்களுக்கு டபிள்யூடிஏ என்ற அமைப்புகள் இதைக் கணக்கிடுகின்றன. ஏடிபியின் கணினி ரேங்கிங் 1973 ஆகஸ்டில் தொடங்கியது. அதற்கு முன் யாரைச் சேர்ப்பது என்பது போட்டி நடத்துபவர்களின் கையில் இருந்தது. பெயர் தெரிந்தவருக்கு இடம், தெரியாதவருக்கு இல்லை. ரேங்கிங் வந்த பிறகு, எந்த மூலையிலிருந்து வந்தாலும் புள்ளி இருந்தால் உள்ளே போகலாம். நம்மைப் போல பெரிய நகரத்துக்கு எட்டாத ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே நான் சொல்வேன்.

புள்ளி எப்படிச் சேர்கிறது? ஆண்கள் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கிராண்ட்ஸ்லாம் என்று சொல்லும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை வென்றால் 2000 புள்ளி. இறுதியில் தோற்றால் 1300. முதல் சுற்றில் தோற்றாலும் 10 உண்டு. அதற்கு அடுத்த தட்டுகள் 1000, 500, 250 என்று, வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளியை வைத்தே அழைக்கப்படுகின்றன. அதற்கும் கீழே சேலஞ்சர் போட்டிகள், 50 முதல் 175 வரை. எல்லாவற்றுக்கும் அடியில் உலக டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் எம்25, எம்15. பெண்களுக்கும் இதே மாதிரி டபிள்யூ15-ல் தொடங்கி மேலே போகும் தட்டுகள் உண்டு.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று இருக்கிறது: புள்ளிக்கு ஆயுள் 52 வாரம்தான். போன பிப்ரவரியில் ஒருவர் ஒரு சேலஞ்சரை வென்று 100 புள்ளி எடுத்தார் என்று வையுங்கள். இந்த பிப்ரவரியில் அந்த வாரம் வரும்போது அந்த 100 கழிந்துபோகும். அதே அளவு புள்ளியை மறுபடி எடுத்தால் இருந்த இடத்தில் இருக்கலாம். முதல் சுற்றில் தோற்றால் ரேங்கிங் சடாரென்று இறங்கும். ‘இந்த மாதம் நிறைய புள்ளியைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது’ என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். நன்றாக ஆடிய வருடத்துக்கு அடுத்த வருடம் பலருக்கும் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கால் சுளுக்கி மூன்று மாதம் படுத்தாலும் காலண்டர் நிற்காது. ஆறு மாதமோ அதற்கு மேலோ காயத்தால் ஆடாதவருக்கு மட்டும், திரும்பி வரும்போது பழைய நிலையை ஒட்டிய பாதுகாக்கப்பட்ட ரேங்கிங் கொடுத்து, சில போட்டிகளில் நுழைய விடுவார்கள்.

சரி, முதல் நூறுக்குள் வர எத்தனை புள்ளி வேண்டும்? ஏறக்குறைய 600. எம்15 ஒன்றை வென்றால் கிடைப்பது 15. அப்படியென்றால் ஒரே வருடத்தில் 40 எம்15 போட்டிகளை வெல்ல வேண்டும். அது யாராலும் ஆகாது, அத்தனை போட்டிகளைக் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்கள். ஆகவே அடித்தட்டில் எவ்வளவு ஜெயித்தாலும் அங்கேயே இருந்துகொண்டு மேலே வர முடியாது. எம்15-ல் தேவையான புள்ளியைத் தேற்றிக்கொண்டு சேலஞ்சருக்கு ஏறணும், சேலஞ்சரில் தோற்றுத் தோற்றுப் பழகி அங்கேயும் ஜெயிக்கணும்.

நூறு என்ற எண்ணை எல்லாரும் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், கிராண்ட்ஸ்லாமின் கதவு அங்கேதான் இருக்கிறது. 128 பேர் ஆடும் மெயின் டிராவில், அதாவது முக்கிய ஆட்டப் பட்டியலில், 104 பேர் ரேங்கிங் மூலம் நேராக வருவார்கள். 16 பேர் குவாலிஃபையிங் என்ற தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வருவார்கள். மிச்சம் 8 பேருக்கு நடத்துபவர்களே வைல்டு கார்டு என்ற சிறப்பு அனுமதி கொடுப்பார்கள். சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2018-ல் நியூபோர்ட் ஏடிபி போட்டியின் இறுதி வரை போனார். அந்த ஜூலையில் அவருடைய ரேங்கிங் 111. உலகத்தில் 111-வது ஆள்! ஆனாலும் அந்த நேரடிக் கதவுக்கு ஏழெட்டுப் படி வெளியே. முக்கால் கோடிக்கும் குவாலிஃபையிங் வரிசைக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவுதான். அவரைப் போன்றவர்களைப் பார்த்து ‘பெரிசா ஒண்ணும் பண்ணலியே’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

ஒரு எம்15 வாரம்

தொலைக்காட்சியில் வருவது மேலே இருக்கும் நூறு பேர். ரேங்கிங் பட்டியலில் ஆண்கள் மட்டுமே இரண்டாயிரம் பேர் போல இருக்கிறார்கள். இந்தத் தொழிலின் நிஜமான முகம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆகவே மார்த்தாண்டத்துப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 19, ரேங்கிங் 900-ஐ ஒட்டி.

போட்டி தொடங்குவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே இணையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ரேங்கிங் வரிசைப்படி பட்டியல் வரும். யாராவது விலகினால் இவன் பெயர் மேலே ஏறும். இப்படி ஏறுமா ஏறாதா என்று தெரியாமலேயே விசாவுக்கு விண்ணப்பிக்கணும், டிக்கெட் விலை ஏறுவதற்குள் முடிவெடுக்கணும். எம்15 போட்டிகள் இந்தியாவிலும் நடக்கின்றன. இங்கே இல்லாத வாரங்களில் துருக்கியின் அன்டால்யா, துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் போன்ற இடங்களில் வாராவாரம் ஒரே ஓட்டல் வளாகத்தில் தொடர்ந்து நடக்கும். ஒரு முறை போனால் மூன்று நான்கு வாரம் அங்கேயே தங்கி ஆடிவிட்டுத் திரும்புவதுதான் கட்டுப்படியாகும்.

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம்தான், சென்னைக்கு இரவு முழுக்க ரயிலில் போக வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் நம் மாவட்டத்துக்கு உள்ள ஒரே வசதி அது.

பயணப் பையில் ஐந்தாறு ராக்கெட் இருக்கும். மட்டைக்கு நரம்பு கட்டுவதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாம் ஒரு முறை கட்டினால் அறுகிற வரை ஆடுவோம். தொழில்முறை ஆட்டக்காரருக்கு நரம்பு அறுவதற்கு முன்பே தளர்ந்துவிடும். 52 பவுண்டு இழுவிசையில் கட்டியது ஓரிரு ஆட்டத்திலேயே இறங்கி, பந்து கோட்டுக்கு ஒரு ஜாண் தள்ளி விழ ஆரம்பிக்கும். வெயில் ஏறினால் பந்து துள்ளும், அதனால் இழுவிசையைக் கூட்டுவார்கள்; குளிரில் குறைப்பார்கள். போட்டி நடக்கும் இடத்தில் கட்டிக்கொடுக்க ஆள் இருப்பார், ஒவ்வொரு மட்டைக்கும் காசு. அந்தச் செலவைத் தவிர்க்கத் தாங்களே கட்டக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. இந்த மார்த்தாண்டத்துப் பையனும் சிறிய கட்டும் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அது தன் விலையை எடுத்துவிடும். வீட்டில் இருக்கும் நாட்களில் மற்ற பிள்ளைகளின் மட்டைகளையும் கட்டிக்கொடுக்கலாம்.

முதலில் குவாலிஃபையிங். அங்கே தோற்றால் கையில் ஒன்றும் வராது. ஜெயித்து 32 பேர் ஆடும் மெயின் டிராவுக்குள் வந்துவிட்டால், முதல் சுற்றில் தோற்றாலும் 156 டாலர் உண்டு. ரூபாயில் 13,000-க்குச் சற்று மேல், புள்ளி பூஜ்யம். ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒரு புள்ளி, 258 டாலர். தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயித்துப் பட்டத்தை எடுத்தால் 15 புள்ளியும் 2,160 டாலரும். நம்ம பணத்தில் 1.8 லட்சம் போல வரும் அந்தத் தொகையில் போட்டி நடக்கும் நாடு தன் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். அந்த வாரத்தின் 32 பேரில் அந்தத் தொகை ஒருவருக்குத்தான்.

பல இடங்களில் பந்து பொறுக்கிப் போட ஆள் இருக்காது. பார்க்க வருபவர்கள் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் ஆட்டக்காரர்கள்தான். இரண்டு கேமுக்கு ஒரு முறை பக்கம் மாறும்போது 90 விநாடி ஓய்வு. அதற்குள் உப்புச்சர்க்கரைத் தண்ணீர் இரண்டு மடக்கு, ஒரு வாழைப்பழம், துண்டால் கையைத் துடைத்து அடுத்த சர்வ் எங்கே போடுவது என்ற யோசனை. நம்ம ஊர் மட்டிப்பழம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். சின்னது, இரண்டு கடியில் முடியும், வயிற்றில் கனக்காது. வீட்டில் பழகும்போது அதைத்தான் கொடுக்கச் சொல்வேன்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் கணக்கை நினைத்துப் பாருங்கள். டீசல், ஐஸ், அரிசி எல்லாம் போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மீன் கிடைப்பது பிறகு. எம்15 ஆட்டக்காரரின் வருடம் முழுக்க அந்த மாதிரிதான் ஓடும். முதலில் செலவு, பிறகு வந்தால் வரவு.

இது அடித்தட்டில் இருப்பவர்களின் பாடு மட்டும் இல்லை. 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல் நிலை ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை டென்னிஸுக்கே போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர் உலகத்தில் 160-க்குள் இருந்தவர். நான்கு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பனில் குவாலிஃபையிங் வழியாக உள்ளே வந்து, 31-ஆம் நிலை தரப்பட்டிருந்த கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கை முதல் சுற்றில் தோற்கடித்தார். இரண்டாம் சுற்றோடு வெளியேறியபோது அவருக்குரிய பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த மாதம் நுங்கம்பாக்கத்தில் சென்னை சேலஞ்சரை வென்று 98-வது இடத்துக்கு வந்தார். அந்த ஜூலையில் 68. ஒரே வருடத்துக்குள் இந்தத் தொழில் எப்படிப் புரண்டு படுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த நிலைமையைச் சரிசெய்ய ஏடிபி ஒரு ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. 2024-ல் தொடங்கிய அந்தத் திட்டப்படி, முதல் நூறில் இருப்பவரின் பரிசுத்தொகை வருடத்துக்கு 3 லட்சம் டாலரைத் தொடாவிட்டால் மிச்சத்தை அவர்களே ஈடுகட்டுவார்கள். 101 முதல் 175 வரை 1.5 லட்சம், 176 முதல் 250 வரை 75,000 டாலர் என்பது 2024-ல் தந்த உறுதி. 251-க்குக் கீழே இந்த வலை கிடையாது. அங்கே இருப்பவர்கள் ஜெர்மனி, பிரான்ஸ் கிளப் லீக்குகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஆடுவார்கள். இரட்டையரில் சேர்ந்து ஓட்டல் வாடகையைத் தேற்றுவார்கள். இங்கே ஸ்பான்சர் தேடுவார்கள்.

இங்கிருந்து கிளம்புவதென்றால்

பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மஞ்சள் பந்தைக் கொடுத்து முழு ஆடுகளத்தில் நிறுத்தாதீர்கள். வேகம் குறைந்த பந்துகள் மூன்று வகை இருக்கின்றன. சிவப்பு, மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது. ஆரஞ்சு 50 சதவீதம். பச்சை 25 சதவீதம். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஐடிஎஃப் 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. சிவப்புப் பந்துக்குச் சின்ன இடம் போதும், பள்ளி முற்றத்தில் ஒரு கயிற்றைக் கட்டியே ஆடலாம். ஆடுகளம் இல்லையே என்று தயங்கும் ஊர்களில் இப்படித் தொடங்கலாம்.

நம் மாவட்டத்தில் மழை இரண்டு பருவமும் அடிக்கும், அதனால் பயிற்சி நாட்கள் குறையும். ஆனால் காற்றைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வரும் காற்றில் சர்வ் போடப் பழகியவன் எங்கே போனாலும் தடுமாற மாட்டான். பந்தை உயரத் தூக்கிப் போட்டால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே தாழ்வாகத் தூக்கக் கற்றுக்கொள்வான். கோட்டை ஒட்டி அடித்தால் வெளியே போகும்; ஒரு மீட்டர் உள்ளே குறிவைப்பான். கால்களைச் சின்னச் சின்னதாக எடுத்துவைத்துக் கடைசி நொடி வரை இடத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பான். இந்த மூன்றும் பெரிய பயிற்சி மையங்களில் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடங்கள்.

அடுத்த படி, அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு. பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்று நாடு முழுக்கப் போட்டிகள் நடக்கும். 13 வயதிலிருந்து ஐடிஎஃப் ஜூனியர் போட்டிகளில் ஆடலாம். 14 வயதில் பெரியவர் போட்டிகளுக்கும் அனுமதி உண்டு, ஆனால் அந்த வயதில் வருடத்துக்கு இத்தனைதான் ஆடலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் துணைக்கு ஒருவர் போயாக வேண்டும், அதனால் டிக்கெட்டும் சாப்பாடும் இரட்டிப்பு. இதைக் காரணம் காட்டி மகளின் ஆட்டத்தை நிறுத்துவதைவிட, ஒரே ஊரிலிருந்து போகும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்துத் துணைக்குப் போகலாம். கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில் குவாலிஃபையிங்கில் தொடங்கி அரையிறுதி வரை போனார். சென்னைக்கு வெளியே இருக்கும் ஊரிலிருந்தும் இது நடக்கும்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபிட்ரின் இருக்கும். போட்டி நாட்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது உடலில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். மேல்தட்டுக்குப் போன பிறகு, சோதனைப் பட்டியலில் இருப்பவர்கள் தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை வரும்.

18 வயதில் ஒரு பெரிய முடிவு காத்திருக்கும். நேராகத் தொழிலுக்குப் போவதா, அமெரிக்கக் கல்லூரிக்குப் போவதா? என்னைக் கேட்டால், ஜூனியர் தரவரிசையில் உலக அளவில் மிக மேலே இல்லாத பிள்ளைக்குக் கல்லூரிதான் நல்லது. உதவித்தொகையில் படிப்பு, அங்கேயே பயிற்சியாளர், வாராவாரம் கடுமையான ஆட்டங்கள். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை எடுத்தார். 2009 தொடக்கத்தில் சென்னை ஓப்பனில் வைல்டு கார்டு கிடைத்து இறுதி வரை போனார். 2011-ல் ரேங்கிங் 62. சொந்த ஊரில் போட்டி இருந்தால் இப்படி ஒரு கதவு திறக்கும். 1997 முதல் 2017 வரை நடந்த அந்த ஏடிபி போட்டி புனேவுக்குப் போனதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இழந்தது அதைத்தான்.

வயதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பிரஜ்னேஷ் குன்னேஸ்வரனுக்கு முழங்காலில் வந்த எலும்பு முறிவுகளால் நல்ல வயதில் பல வருடங்கள் வீணாயின. இருந்தும் 2019 ஏப்ரலில், 29 வயதில், 75-வது இடத்துக்கு வந்தார். ரோகன் போபண்ணா 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் இரட்டையர் பட்டத்தை வென்று உலகின் முதல் இடத்துக்கு வந்தபோது வயது 43. கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரோடு ஜோடி சேர்ந்தார். ஒற்றையரில் மேலே போக முடியாதவர்களுக்கு இரட்டையர் தனி வாழ்க்கையாகவே அமையும்.

முதல் ஐந்நூறுக்குள் வராமலேயே நிறுத்துபவர்கள்தான் அதிகம். அவர்களில் சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, வருமானவரித் துறை போன்ற வேலைகளுக்குப் போகிறார்கள், சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள், சிலர் தேர்வெழுதி நடுவர் ஆகிறார்கள். தேசியப் போட்டிகளில் ஆடியதற்கான சான்றிதழ்களைப் பத்து வயதிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் எந்த ஆண்டு, எந்த அளவிலான போட்டி, எத்தனையாவது இடம் என்றுதான் கேட்பார்கள். பள்ளியை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். வருகைப்பதிவு இடித்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதலாம். அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைத்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்களைப் பார்ப்பார்கள், ஆகவே எந்தப் பாடங்களை எடுப்பது என்று அதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.